பதினேழாம் எண் கார்பைன்

மார்ச் 12, வியாழன்

கடைவாய்ப் பல் ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தது. மூன்று நாளாக ஆட்டம் காட்டியது. காலையில் ஆயுதக் கிடங்கைத் திறந்து உட்கார்ந்தேன். பத்தரை மணிக்கு மேல் தாடையே கழன்று விழுந்துவிடும்போல இருந்தது. எங்கள் ஆயுதப்படை இன்ஸ்பெக்டர் ஆர்.ஐ. செண்பகராமன் சாரிடம் கையை மட்டும் காட்டினேன். "போங்கம்மா, போங்க. உங்க மூஞ்சியப் பாத்தா எனக்கே பல்லு வலிக்கி" என்றார்.

இவர், என் வீட்டுக்காரர், பஸ் டெப்போவில் பெர்மிஷன் போட்டுவிட்டு வந்து வண்டியில் கூட்டிப்போனார். பல் டாக்டர் சின்னப் பெண். "துப்பாக்கி ரிப்பேர் பாக்கியளாமே, அப்ப ஊசிக்குல்லாம் பயப்பட மாட்டிய" என்றது. நான் நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்த பிடியில் என் நகம்தான் உடைந்தது. இரண்டு மணிக்குப் பல் கையில். அதன்பிறகு நாள் முழுக்க வாயில் பஞ்சு. பேச முடியாததால் இவருக்கு ஒரே கொண்டாட்டம். கஞ்சி அவரே வைத்தார், உப்பு போடவில்லை, அதைச் சொல்லவும் முடியவில்லை.

நாளை மேலிடத்திலிருந்து ரெக்கார்டு பார்க்க வருகிறார்கள். அரையாண்டுச் சோதனைப் பதிவேடு எழுத வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 13, வெள்ளி

ஏழரைக்கே போய்விட்டேன். வந்தவர்கள் பதினொன்றுக்கு வந்து பன்னிரண்டுக்குக் கிளம்பினார்கள். அரையாண்டுப் பதிவேட்டைப் புரட்டிவிட்டு "கையெழுத்து முத்து முத்தா இருக்கே" என்றார் பெரிய அதிகாரி. ஆர்.ஐ.க்குப் பெருமை தாங்கவில்லை.

வீக்கம் குறையவில்லை. இவர் குறட்டையால் தூக்கமும் இல்லை. ஐஸ் வைக்க வேண்டும்.

ஏப்ரல் 17, வெள்ளி

முகூர்த்த நாள் என்பதால் பாதிப் பேர் லீவு. நான் ரைஃபிள்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்கு ரைட்டர் ஓடி வந்து, "ஏட்டம்மா, பதினேழு வெடிச்சிட்டாம்" என்றார்.

எங்கள் கிடங்கில் ஆயுதத்துக்குப் பெயர் கிடையாது. ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதிய எண்தான். பதினேழு என்பது ஒரு கார்பைன். அதை எடுத்துப் போயிருந்தவன் பேச்சிவேல். ஆயுதப்படைக் காவலன், முப்பத்திரண்டு வயது. கல்குவாரி வழக்கில் சாட்சி சொல்லப்போகிற ஒரு ரிட்டயர்டு வாத்தியாருக்கு நான்கு மாதமாக அவன்தான் காவல்.

இன்று வாத்தியார் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். மண்டப வாசலில் கார் நின்றதும் பேச்சிவேல் முதலில் இறங்கியிருக்கிறான். தோளில் கிடந்த கார்பைனின் குண்டுப் பெட்டியான மேகசின் சீட் பெல்ட்டில் மாட்டி, பட்டை நழுவி, பின்பக்கம் குத்தாகச் சிமென்ட் படியில் விழுந்திருக்கிறது. டம் என்று ஒரே ஒரு குண்டு. கார் டிரைவர் அந்தோணிசாமியின் வலது தொடையில். நாதஸ்வரச் சத்தத்தில் பாதிப் பேர் வேட்டு என்று நினைத்தார்களாம்.

டி.வி.யில் ஏ.கே. 47 என்றான். சாயங்காலப் பேப்பரில் ரைஃபிள் என்று போட்டிருக்கிறான். இருபத்தைந்து வருஷம் ஆகப்போகிறது, கார்பைனைக் கார்பைன் என்று எழுதிய ஒரு பேப்பரை நான் பார்க்கவில்லை.

டிரைவர் உயிருக்கு ஆபத்தில்லை. காலைத்தான் சொல்ல முடியாதாம். பேச்சிவேல் கவனமில்லாத பயல். இறங்கும்போது ஒரு கையால் பிடித்துக்கொண்டு இறங்கினால் என்ன கேடு?

ஏப்ரல் 18, சனி

விசாரணைக்கு டி.எஸ்.பி. கிருபாகரன் வந்திருந்தார். நல்ல மனிதர், அதிர்ந்து பேசுவதில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "எனக்கு ரைஃபிள்தாம்மா பழக்கம். கார்பைனுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்னு கொஞ்சம் சொல்லுங்க" என்றார்.

ஆயுதம் பற்றிக் கேட்டால் எனக்கு வாய் நிற்காது. ரேக்கிலிருந்து இரண்டையும் எடுத்து மேஜையில் வைத்துச் சொன்னேன்.

அந்தக் காலத்தில் குதிரைமேல் போகிற சிப்பாய்க்கு நீளத் துப்பாக்கி தோதுப்படவில்லை. அதனால் குழலைக் குறுக்கிச் செய்து கொடுத்தார்கள், அதுதான் கார்பைன். அது ரைஃபிளின் தம்பி மாதிரி. எங்களிடம் இருப்பதோ பெயர்தான் கார்பைன், சாப்பிடுவது பிஸ்டல் குண்டு. வெளிநாட்டில் இதற்கு வேறு வகைப் பெயர் சொல்வார்கள். எங்கள் கிடங்கில் எல்லோருக்கும் கார்பைன்தான். பழைய ரைஃபிளின் குழல் இரண்டு அடிக்கு மேல், கார்பைன் குழல் ஒரு சாண். ரைஃபிள் குண்டு கண்ணுக்கெட்டாத தூரத்திலும் ஆளைக் கொல்லும், கார்பைன் நூறு மீட்டரோடு சரி. ஆனால் மேகசினில் முப்பத்துநாலு குண்டு, ஒரு விரல் அழுத்தத்தில் மொத்தமும் கொட்டிவிடும். கூட்டத்துக்குள், காருக்குள், வாசலில் நிற்கிறவனுக்கு அது வசதி. மெய்க்காவலுக்கு அதைக் கொடுப்பது அதனால்தான். பக்கத்தில் ஒரு சின்ன லீவர் இருக்கும். எஸ் என்றால் பூட்டு, ஆர் என்றால் ஒவ்வொன்றாக, ஏ என்றால் சரமாரி. குண்டைக் குழலுக்குள் தள்ளுகிற இரும்புத் துண்டுதான் போல்ட், அதைப் பின்னால் இழுத்து வைத்தால் சுடத் தயார்.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு, "விழுந்த கார்பைனை எடுத்தப்போ லீவர் எஸ்லதான் இருந்திருக்கு. ஆனா போல்ட் பின்னால இழுத்த நிலையில இருந்திருக்கு. அப்படின்னா பேச்சிவேல் அதைச் சுடத் தயாரா இழுத்து வச்சிக்கிட்டே நடந்திருக்கான். வெடிச்ச பிறகு லீவரை எஸ்க்குத் தள்ளியிருக்கான். அப்படித்தானே?" என்றார்.

"பொதுவா அப்படித்தான் சார் இருக்கும்" என்றேன்.

கேட்டதற்குப் பதில் சொன்னேன். கேட்காததை எல்லாம் சொல்ல நான் என்ன டியூஷனா எடுக்கிறேன்.

ஏப்ரல் 20, திங்கள்

பேச்சிவேல் சஸ்பெண்ட். ஆபத்து விளைவித்த வழக்கும் போட்டிருக்கிறார்கள். லீவரை மாற்றி வைத்துச் சாட்சியத்தை மறைத்தான் என்பதையும் சேர்த்தால் வேலையே போய்விடும் என்கிறார் ரைட்டர்.

அரையாண்டுப் பதிவேட்டை டி.எஸ்.பி. வாங்கிக்கொண்டு போனார். மார்ச் 12, வரிசை எண் பதினேழு, பூட்டு: சரி, விசை: சரி, கையொப்பம்: சொர்ணவடிவு, தலைமைக் காவலர். கீழே ஆர்.ஐ. கையொப்பம்.

ஆர்.ஐ. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க ரெஜிஸ்டர்தாம்மா நம்மளக் காப்பாத்திச்சு" என்றார். நம்மள என்று ஏன் சொன்னார் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வீட்டில் குழாய் ஒழுகியது. வாஷர் மாற்றினேன்.

ஏப்ரல் 22, புதன்

இன்று மீதியுள்ள கார்பைன் அறுபத்துமூன்றையும் இறக்கி வைத்துப் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான்.

எழுதி வைப்போம். ரைஃபிளில் குண்டு முன்கூட்டியே குழலின் அடியில் உள்ள அறைக்குள் போய் உட்கார்ந்து, போல்ட் பூட்டிக்கொண்டு காத்திருக்கும். விசையைத் தொட்டால்தான் ஊசி போய்க் குண்டின் அடியைக் குத்தி வெடிக்கவைக்கும். எங்கள் கார்பைன் அப்படி இல்லை. அதன் ஊசி போல்ட்டின் முகத்திலேயே ஒட்டியிருக்கிறது. அறை காலியாக இருக்கும். போல்ட் பின்னாலிருந்து ஸ்பிரிங் வேகத்தில் முன்னே வரும்போது மேகசினில் ஒரு குண்டை உரசித் தள்ளிக்கொண்டு போய் அதே வேகத்தில் வெடிக்கும். விசைக்கு அதில் ஒரே வேலைதான், போல்ட்டை விடுவிப்பது. ஆகவே போல்ட் வேறு எந்த வழியில் பின்னால் போய்விட்டு வந்தாலும் சுட்டுவிடும். பின்பக்கம் குத்தாகக் கீழே விழுந்தால் போல்ட் தன் கனத்திலேயே பின்னால் போகும். அது போகக் கூடாது என்பதற்குத்தான் எஸ்.

அதனால் ரைஃபிளைச் சோதிக்கிற மாதிரி பூட்டைப் போட்டு விசையை அழுத்திப் பார்த்தால் மட்டும் போதாது. எஸ்ஸில் வைத்துப் போல்ட்டின் கைப்பிடியைப் பிடித்துப் பின்னால் இழுக்க வேண்டும். வரக் கூடாது. பதிவேட்டு அச்சுப் படிவம் ரைஃபிளுக்காகப் போட்டது. அதில் இழுத்துப் பார்ப்பதற்குக் கட்டமே இல்லை.

அறுபத்துமூன்றையும் இழுத்தேன். ஒன்பதாம் எண்ணும் நாற்பத்தொன்றாம் எண்ணும் வந்துவிட்டன. தேய்மானம். சிவப்புத் துணி கட்டித் தள்ளி வைத்தேன்.

மொத்தம் இரண்டே முக்கால் மணி நேரம் பிடித்தது. உள்ளங்கை கன்றிப்போய்விட்டது.

ஏப்ரல் 23, வியாழன்

ஆர்.ஐ. சிவப்புத் துணியைப் பார்த்துவிட்டார்.

"இது என்னம்மா?"

"பூட்டு நிக்கல சார். தேஞ்சிருக்கு."

"மார்ச்சுல சரின்னு எழுதியிருக்கிய. ஏப்ரல்ல தேஞ்சிட்டாக்கும்? டி.எஸ்.பி. இதப் பாத்தா என்ன கேப்பாருன்னு யோசிச்சியளா? துணிய அவுத்துட்டு ரேக்ல வைங்க. விசாரணை முடியட்டும், பொறவு ரெண்டையும் ஆயுத டிப்போவுக்கு அனுப்பிருவோம்."

"டூட்டிக்கு எடுத்துட்டுப் போவானுவளே சார்?"

"ஒண்ணும் ஆகாது. இத்தன வருசம் ஆச்சா?"

துணியை அவிழ்த்து ரேக்கில் வைத்தேன். சொன்னபடி கேட்டாயிற்று. இரண்டிலிருந்தும் போல்ட்டைக் கழற்றி என் லாக்கரில் போட்டுப் பூட்டிவிட்டேன். போல்ட் இல்லாத கார்பைன் வெறும் குழாய். எவனாவது கேட்டால் எண்ணெயில் ஊறுகிறது என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஏப்ரல் 24, வெள்ளி

லீவு போட்டு வீட்டில் மிளகாய் காயவைத்தேன். பதினோரு மணிக்கு பேச்சிவேலின் பெண்டாட்டி கோகிலா வந்தாள். தையல் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண். இதற்கு முன்பு காவலர் குடும்ப விழாவில் ஒரு தடவை பார்த்ததுதான்.

அழுவாள், காலில் விழுவாள், சாட்சி மாற்றிச் சொல்லச் சொல்வாள் என்று நினைத்து, என்ன சொல்லி அனுப்புவது என்று காபி போடுகிற நேரத்தில் யோசித்து வைத்தேன். அவள் அழவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்கட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவிய எஸ்லதான் வச்சிருந்தேன்னு சொல்லுதாவ. கோயில்ல சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணுதாவ. ஸ்டேசன்ல எல்லாரும் எஸ்ல இருந்தா வெடிக்கவே வெடிக்காதுங்காவ. எங்க அண்ணன் என்னன்னா, வேலைக்குப் பயந்து உன்ட்டயும் பொய் சொல்லுதான்ங்கான். எனக்குத் துப்பாக்கியப் பத்தி என்ன தெரியும்? நீங்க அதக் கழட்டி மாட்டுனவிய. எங்க வீட்டுக்காரவிய பொய் சொல்லுதாவளா? அத மட்டும் சொல்லுங்க, நான் போயிருதேன்."

"எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் அங்க இல்லயே" என்றேன்.

"சரிக்கா" என்று எழுந்தாள். வாசலில் செருப்பு மாட்டும்போது, "வேல போனாக்கூடப் பரவால்லக்கா. ஒரே வீட்ல இருந்துக்கிட்டு நம்பவும் முடியாம நம்பாம இருக்கவும் முடியாமல்லா கெடக்கேன்" என்றாள்.

காபி அப்படியே இருந்தது. கீழே ஊற்றிவிட்டு டம்ளரைக் கழுவினேன். மிளகாயை மாடியிலேயே மறந்துவிட்டேன். சாயங்காலம் தூறல் போட்டு எல்லாம் நனைந்தது.

ஏப்ரல் 26, ஞாயிறு

டிரைவர் அந்தோணிசாமியை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். சாத்துக்குடி வாங்கிப் போனேன். எலும்பில் பட்டு ஒரு கம்பி வைத்திருக்கிறார்கள். காலை எடுக்க வேண்டியதில்லை, ஆனால் முட்டி மடங்காது. இனி வண்டி ஓட்ட முடியாது.

நான் யார் என்று சொன்னதும், "உங்க துப்பாக்கியாம்மா அது? நல்லாத்தான் சுடுது" என்று சிரித்தார். அவர் மனைவி முறைத்தாள்.

"அந்தத் தம்பி இறங்கும்போது நான் கண்ணாடியில பாத்துட்டுத்தான் இருந்தேன். ஒரு கை கதவுல, ஒரு கை தோள் பட்டையில. விசையிலயாவது, மண்ணாங்கட்டியிலயாவது. கீழ விழுந்துதாம்மா வெடிச்சுது."

"இத விசாரணையில சொன்னியளா?"

"சொன்னேன். வலி மயக்கத்துல பேசுதேன்னு நெனச்சாவளோ என்னமோ, தலைய ஆட்டிக்கிட்டாவ."

சாத்துக்குடியை உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். என்னிடம் ஏன் கோபப்படவில்லை என்று தெரியவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 29, புதன்

இவர் டெப்போவில் ஒரு மெக்கானிக்குக்கு மெமோ கொடுத்துவிட்டார்களாம். சாப்பிடும்போது சொன்னார். பிரேக்கைப் பார்க்காமலே பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். பஸ் நடுரோட்டில் நிற்காமல் போய் வைக்கோல் லாரியில் இடித்திருக்கிறது. வைக்கோலானதால் பிழைத்தார்கள்.

"பாவம், பிள்ளகுட்டிக்காரன்" என்றேன்.

"பஸ்ஸுல இருந்தவனுக்கும்தானளா பிள்ளகுட்டி இருக்கு" என்றார். அப்புறம் ரசத்தை ஊற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "வடிவு, ஒனக்குப் பல்லு புடுங்குனது மார்ச்சு பன்னெண்டுதான?" என்றார்.

"ஆமா. எதுக்குக் கேக்கிய?"

"சும்மாதான். பேப்பர்ல போட்ருந்தான், கார்பைன் எல்லாத்தையும் மார்ச்சு பன்னெண்டு மத்தியானம் சோதிச்சிருக்காவன்னு. அன்னைக்குத்தான் நான் கஞ்சியில உப்பு போட மறந்தேன்."

  தட்டை எடுத்துப் போட்டேன்.

மே 1, வெள்ளி

உழைப்பாளர் தினம், லீவு. எஸ்.எஸ்.ஐ., அதாவது சிறப்பு உதவி ஆய்வாளர், பதவி உயர்வுப் பட்டியல் வந்துவிட்டது. நான்காவது பெயர் நான். ஜூன் மாதம் இருபத்தைந்து வருஷம் முடிகிறது, தோளில் நட்சத்திரம் வரும். ஆர்.ஐ. வீட்டிலிருந்து லட்டு கொடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை டி.எஸ்.பி. என் வாக்குமூலம் வாங்குகிறார், அது முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று ஆர்.ஐ. போனிலும் சொன்னார். "பதிவேட்டுல உள்ளத மட்டும் சொல்லுங்க, ஒரு வார்த்த கூடவும் வேண்டாம், கொறயவும் வேண்டாம்."

இவர் வெளியே போனபின் இந்த நோட்டை மார்ச்சிலிருந்து படித்தேன். என் நோட்டில் நானே சுற்றி வளைத்திருக்கிறேன். ஆகவே இப்போது நேராக எழுதுகிறேன்.

மார்ச் 12 அன்று நான் எந்தக் கார்பைனையும் தொடவில்லை. 13ஆம் தேதி காலை ஏழரைக்குப் போய், அறுபத்துநாலு வரிசைக்கும் "சரி, சரி" என்று எழுதினேன். இருபது நிமிஷம். முத்து முத்தான கையெழுத்து. தேதியை முந்தைய நாளாகப் போட்டேன், ஏனென்றால் சோதனை 12ஆம் தேதி என்று மேலிடத்துக்கு ஏற்கனவே கடிதம் போயிருந்தது. ஆர்.ஐ.க்கு நான் அன்று பல் ஆஸ்பத்திரியில் இருந்தது தெரியும். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டார்.

இதுகூடப் பெரிதில்லை. போன செப்டம்பர் சோதனையில் நான் எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்தேன். பதினேழை எஸ்ஸில் வைத்து இழுத்தபோது கைப்பிடி கொஞ்சம் வந்து நின்றது. ஒரு விரல் அகலம். கொஞ்சம் தளர்வு, அடுத்த முறை வரும்போது பார்த்து டிப்போவுக்கு அனுப்பலாம் என்று நினைத்தேன். அந்த அடுத்த முறைதான் மார்ச் 12. ஏப்ரல் 17ஆம் தேதி ரைட்டர் வந்து "பதினேழு" என்று சொன்ன அந்த நிமிஷமே எனக்குக் கையில் அந்தத் தளர்வு ஞாபகம் வந்தது. அப்புறம்தான் பேச்சிவேலைக் கவனமில்லாத பயல் என்று எழுதினேன்.

போல்ட் பின்னால் இருந்ததற்கும் எனக்குக் காரணம் தெரியும். கார்பைன் ஒரு குண்டு சுட்டதும் அந்த உதையிலேயே போல்ட் தானாகப் பின்னால் போகும். விசையில் விரல் இல்லையென்றால் அங்கேயே மாட்டி நின்றுவிடும். அதனால்தான் ஒரே குண்டு. அவன் இழுத்து வைக்கவில்லை, வெடித்த பிறகு அது தானாகப் போய் உட்கார்ந்தது. டி.எஸ்.பி. ரைஃபிள் பழகியவர், அவருக்குத் தெரிய நியாயமில்லை. எனக்குத் தெரியும். தெரிந்தே "பொதுவா" என்றேன்.

இதைச் சொன்னால் பேச்சிவேல் பிழைப்பான். ஆனால் அடுத்த கேள்வி, எஸ் ஏன் பிடிக்கவில்லை என்பதுதான். அதற்கடுத்த கேள்வி நான்தான். பாதியை மட்டும் சொல்லித் தப்பிக்க வழி இருக்கிறதா என்று காலையிலிருந்து பார்க்கிறேன். இல்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது. லட்டைத் தின்னவில்லை.

மே 3, ஞாயிறு

யூனிபார்ம் துவைத்து அயர்ன் போட்டேன். இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நட்சத்திரம் வராதே" என்றேன். "வராட்டா போவுது. பென்சனாவது மிஞ்சுதான்னு பாப்போம்" என்றார். கொஞ்சம் கழித்து, "நான் கேட்டப்பவே சொல்லிருவன்னு நெனச்சேன், நாலு நாளாக்கிட்டியே" என்றார்.

மே 4, திங்கள்

டி.எஸ்.பி. அலுவலக வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி இரண்டே கால்.

காலையில் டி.எஸ்.பி.யிடம், "வாக்குமூலத்துக்கு முந்தி ஒண்ணு காட்டணும் சார்" என்றேன். ஆர்.ஐ.யும் இருந்தார். கிடங்கிலிருந்து ஒன்பதாம் எண்ணை வரவழைத்து, லாக்கரில் இருந்த போல்ட்டை மாட்டினேன். பயிற்சிக்கு வைத்திருக்கிற மருந்தில்லாத டம்மி குண்டுகளை மேகசினில் போட்டு, டி.எஸ்.பி.யையே சரிபார்க்கச் சொன்னேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். போல்ட் முன்னால். அறை காலி. லீவரை அவர் கையாலேயே எஸ்ஸில் வைக்கச் சொன்னேன்.

"இதுல விசைய அழுத்துங்க சார்."

அழுத்தினார். ஒன்றும் ஆகவில்லை. "ரைஃபிளா இருந்தா சோதனை இதோட முடிஞ்சுது" என்றேன். பிறகு தரையில் பலகையைப் போட்டு, முழங்கால் உயரத்திலிருந்து பின்பக்கம் குத்தாக விட்டேன். முதல் தடவை ஒன்றும் இல்லை. ஆர்.ஐ. பெருமூச்சு விட்டது கேட்டது. கொஞ்சம் உயர்த்தி மறுபடியும் விட்டேன். டக் என்று போல்ட் போய் வந்தது. எடுத்துக் கைப்பிடியை இழுத்ததும் அறைக்குள்ளிருந்து டம்மி குண்டு வெளியே விழுந்து உருண்டது. டி.எஸ்.பி. குனிந்து அதை எடுத்தார். லீவரைப் பார்த்தார். எஸ்ஸில்தான் இருந்தது.

அப்புறம் போல்ட் ஏன் பின்னால் இருந்தது, குண்டு ஏன் ஒன்றே ஒன்று என்பதையும் சொன்னேன். பதினேழை சீல் பிரித்து நிபுணர்களை வைத்துப் பார்த்தால் இதே தேய்மானம் இருக்கும் என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "இதை நீங்க 18ஆம் தேதி ஏன் சொல்லலை?" என்றார்.

"சொன்னா அடுத்த கேள்வி கேப்பியன்னு பயந்தேன் சார்."

"என்ன கேள்வி?"

"மார்ச் பன்னெண்டு இதச் சோதிச்சியான்னு."

"சோதிச்சீங்களா?"

"இல்ல சார்."

ஆர்.ஐ. "அம்மா..." என்று எழுந்தார். டி.எஸ்.பி. அவரை உட்காரச் சொன்னார்.  பிறகு மூன்று மணிக்குள் எல்லாவற்றையும் கைப்பட எழுதிக் கொடுக்கச் சொன்னார். அன்று நான் கிடங்கில் இல்லை என்பதற்கு ஆதாரம் ஏதும் இருக்கிறதா, இல்லாவிட்டால் யாரையோ காப்பாற்ற இப்போது மாற்றிச் சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள் என்றார். பேச்சிவேலிடம் என்ன வாங்கினீர்கள் என்றுகூடக் கேட்பார்களாம்.

பல் டாக்டர் சீட்டு இருக்கிறது சார் என்றேன். நாட்குறிப்பும் இருக்கிறது என்றேன். "அன்னைக்கே எழுதினதா?" என்றார். அன்னைக்கே எழுதினதுதான். அதுவே என்னைப் பிடித்துக் கொடுக்கும் என்று தெரியாமல் எழுதியது.

வெளியே வந்ததும் ஆர்.ஐ. என்னைத் தாண்டிப் போனார். "சந்தோசமாம்மா?" என்று மட்டும் கேட்டார். அவருக்கும் ரிட்டயராக மூன்று வருஷம்தான் இருக்கிறது. 

இப்போது கோகிலாவுக்குப் போன் போட்டேன். தையல் மிஷின் சத்தம் கேட்டது. யார் என்று சொன்னேன். சத்தம் தள்ளிப் போயிற்று, எழுந்து வெளியே வந்திருப்பாள்.

"அன்னைக்கு நீ கேட்டதுக்கு நான் தெரியாதுன்னேன். எனக்குத் தெரியும்மா. உங்க வீட்டுக்காரவிய பொய் சொல்லல. எஸ்லதான் இருந்துச்சு. தப்பு எங்கிட்ட."

 திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அழுகையா மூச்சா என்று தெரியவில்லை, அதைக் கேட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அவளாகவே வைத்துவிட்டாள்.

மணி இரண்டு ஐம்பது. எழுதி முடித்த வாக்குமூலம் மடியில் இருக்கிறது. மார்ச் 12ஆம் பக்கத்தில் ஒரு நூல் வைத்திருக்கிறேன். பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தால் செல்லாதாம், முழு நோட்டும் வேண்டுமாம். இவர் குறட்டை, உப்பில்லாத கஞ்சி, டி.எஸ்.பி. ரைஃபிள் மட்டும் தெரிந்தவர் என்றது, எல்லாவற்றையும் அவர் படிப்பார். படிக்கட்டும். உள்ளே கூப்பிடுகிறார்கள்.